அட்ஜசென்சி மேட்ரிக்ஸை அடுக்கினால் வரும் எண்: நிஜத்தில் எதற்கு உதவும்?

மூன்றாமடுக்கு (கேள்வி):

வணக்கம். திசையில்லாத சின்ன கிராஃப் ஒன்று: 5 கணுக்கள், 6 இணைப்புகள் (1-2, 1-3, 2-3, 2-4, 3-4, 4-5). இதன் அட்ஜசென்சி மேட்ரிக்ஸ், அதாவது அண்மை அணி 'அ' (இரண்டு கணுக்களுக்கு நேர் இணைப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0):

0 1 1 0 0
1 0 1 1 0
1 1 0 1 0
0 1 1 0 1
0 0 0 1 0

அ³-இன் (அ × அ × அ என்ற அணிப் பெருக்கலின்) முதல் நிரை 2 5 5 2 2 என்று வருகிறது. 1-லிருந்து 5-க்கு 3 தாவலில் 2 வழி என்கிறது. சரிதான், 1-2-4-5, 1-3-4-5. ஆனால் 1-லிருந்து 2-க்கு 5 வழி என்கிறது. கையால் எண்ணினால் 1-3-4-2 என்ற ஒன்றுதான் அகப்படுகிறது. மீதி நான்கு எங்கே?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, பாடப்புத்தகம் 'பாதைகளை எண்ணலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எண்ணி என்ன செய்வது? உண்மையில் யார், எந்தக் கணக்குக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள்? இரண்டு, 10,000 கணுக்கள் இருந்தால் இந்தப் பெருக்கல் ஓடி முடியுமா?

---

நிரைநிரல்:

அணி சரியாகத்தான் சொல்கிறது. அது எண்ணுவது பாதையை அல்ல, நடையை. நடையில் போன கணுவுக்கே திரும்பப் போகலாம், வந்த இணைப்பிலேயே பின்வாங்கலாம். உங்கள் ஐந்தும் இவைதான்: 1-2-1-2, 1-3-1-2, 1-2-3-2, 1-2-4-2, 1-3-4-2. கடைசி ஒன்றில் மட்டுமே கணு எதுவும் திரும்ப வரவில்லை.

காரணம் பெருக்கலிலேயே இருக்கிறது. 1-லிருந்து 2-க்கு 3 தாவலில் போக வேண்டுமானால், முதல் தாவலில் 2-க்கோ 3-க்கோ போக வேண்டும்; அங்கிருந்து 2 தாவலில் கணு 2-ஐ அடைய வேண்டும். ஆக அ²-இல் (2,2) உறுப்பையும் (3,2) உறுப்பையும் கூட்டினால் போதும்: 3 + 2 = 5. இந்தக் கூட்டலில் ஏற்கெனவே எங்கே போய்வந்தோம் என்ற நினைவு எங்கும் இல்லை. அணிக்கு ஞாபகசக்தி கிடையாது. அதனால்தான் இவ்வளவு வேகம்.

அப்படியானால் ஒரே கணுவை இருமுறை தொடாத பாதைகளை மட்டும் எண்ண முடியாதா என்றால், பொதுவான கிராஃபில் அதற்கு வேகமான வழி யாருக்கும் தெரியாது. லெஸ்லி வேலியன்ட் 1979-இல் இதை எண்ணிக்கைக் கணக்குகளிலேயே மிகக் கடினமான வகையில் சேர்த்து நிரூபித்துவிட்டார். சின்ன கிராஃப் என்றால் ஒவ்வொன்றாகத் தேடி எண்ணலாம், அவ்வளவுதான்.

ஆனால் மூன்று இடங்களில் நடையும் பாதையும் ஒன்றாகிவிடும்.

முதலாவது, சுற்றே இல்லாத திசையுள்ள கிராஃப். அங்கே திரும்பி வரவே வழியில்லை என்பதால் ஒவ்வொரு நடையும் பாதைதான். நடைமுறைப் பயன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இரண்டாவது, மிகக் குறுகிய வழிகள். அ, அ², அ³ என்று போகும்போது ஓர் உறுப்பு முதல்முறையாகப் பூஜ்யமல்லாமல் ஆகும் அடுக்குதான் அந்த இரண்டு கணுக்களுக்கு இடையிலான தூரம். அங்கே நிற்கும் எண், குறுகிய பாதைகளின் எண்ணிக்கை. குறுகிய வழியில் சுற்றுக்கு இடமில்லை. உங்கள் (1,5) உறுப்பு அ³-இல்தான் முதல்முறை தலைகாட்டுகிறது: தூரம் 3, குறுகிய பாதைகள் 2.

மூன்றாவது முழுமையான தீர்வல்ல, ஆனால் பலசமயம் போதும்: உடனடியாகப் பின்வாங்கும் நடைகளை மட்டும் கழித்துவிடுவது. ஒவ்வொரு கணுவுக்கும் எத்தனை இணைப்பு என்பதை மூலைவிட்டத்தில் எழுதிய அணியை 'ப' என்று வைத்துக்கொள்ளுங்கள் (இங்கே 2, 3, 3, 3, 1). 2 தாவலுக்கு அ² − ப. 3 தாவலுக்கு அ³ − பஅ − அப + அ. உங்கள் (1,2) உறுப்பில் போட்டுப் பாருங்கள்: 5 − 2 − 3 + 1 = 1. கையால் எண்ணிய அதே ஒன்று. இதற்கு மேலே போனால், ஒவ்வொரு முறையும் முந்தைய விடையை அ-வால் பெருக்கி, அதற்கும் முந்தையதை (ப − அலகு அணி)-யால் பெருக்கிக் கழிக்க வேண்டும். முக்கோணத்தைச் சுற்றிவரும் நடைகள் அப்போதும் உள்ளே இருக்கும், அதை மறக்க வேண்டாம்.

பயன் என்று கேட்டீர்களே, முதலில் அ²-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள ஒவ்வோர் எண்ணும் பொதுவான அண்டைக் கணுக்களின் எண்ணிக்கை. சமூக வலைத்தளங்களில் 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டுவதற்கான எளிய அடிப்படை இதுவே: அ-வில் 0 ஆகவும் அ²-இல் பெரிய எண்ணாகவும் இருக்கும் இணைகளைப் பொறுக்குவது. உங்கள் கிராஃபில் 1-4 இணைக்கு 2. 2-5, 3-5 இரண்டுக்கும் 1. முதலில் பரிந்துரைக்க வேண்டியது 1-4. இதை அப்படியே பெரிய வலையில் போட்டால், ஆயிரக்கணக்கான இணைப்பு வைத்திருக்கும் கணு ஒன்று எல்லாரையும் எல்லாருக்கும் பரிந்துரைக்க வைத்துவிடும். அதனால் நடுவில் நிற்கும் கணுவின் எடையைக் குறைக்க வேண்டும். அடாமிக், அடார் இருவரும் 2003-இல் சொன்ன முறை: பொதுவான அண்டை ஒவ்வொன்றையும் 1 என்று எண்ணாமல், அதன் இணைப்பு எண்ணிக்கையின் மடக்கையால் 1-ஐ வகுத்து வருவதைக் கூட்டுவது. அணியில் இதற்கு இரண்டு அ-க்களுக்கு நடுவே ஒரு மூலைவிட்ட அணியைச் செருகினால் முடிந்தது.

அ³-இன் மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டி 6-ஆல் வகுத்தால் முக்கோணங்கள். உங்களுடையது 2 + 4 + 4 + 2 + 0 = 12, ஆக 2 முக்கோணம். 6 ஏன் என்றால், ஒரே முக்கோணத்தை மூன்று மூலைகளிலிருந்தும் இரண்டு திசையிலும் சுற்றலாம். திசையுள்ள கிராஃபில் 3-ஆல் வகுக்க வேண்டும். அங்கேயும் 6 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

---

வெட்டுமுனை:

நடை-பாதை வித்தியாசத்துக்கு ஒரு நல்ல உதாரணம் ஆண்ட்ராய்டு போனின் 9 புள்ளிப் பூட்டு. 4 முதல் 9 புள்ளி வரை மொத்தம் 3,89,112 கோலங்கள். ஒரு புள்ளியை இரண்டாம்முறை தொட முடியாது. தொடாத புள்ளியைத் தாண்டிப் போகவும் முடியாது, தொட்டிருந்தால் தாண்டலாம். அதாவது அடுத்து எங்கே போகலாம் என்பது இதுவரை போன வழியைப் பொறுத்து மாறுகிறது. 9×9 அணியை எப்படி அடுக்கினாலும் இந்த எண் வராது. ஒவ்வொன்றாகத் தேடும் நிரல்தான் இதற்கு வழி, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கணக்கு சின்னதாக இருக்கும்போது அணியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

---

பட்டியல்காரர்:

சுற்றில்லாத கிராஃபில் நடையெல்லாம் பாதை என்று மேலே சொல்லப்பட்டதே, அதன் மிகப் பழைய, இன்றும் நடப்பிலுள்ள பயன் உற்பத்தியில் வரும் பாகப் பட்டியல். ஆண்ட்ரூ வாசோனி 1950-களில் எழுதிய முறை. 'கோசின்டோ' என்ற கணித மேதையின் பெயரை இதற்கு வைத்தார். அப்படி ஒருவர் கிடையாது. 'goes into' (உள்ளே போகிறது) என்ற ஆங்கிலச் சொற்றொடரை வேகமாகச் சொன்னால் வரும் ஒலி அது.

இணைப்பில் 1 என்று எழுதுவதற்குப் பதிலாக எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு முழுப் பொருளுக்கு 2 தாங்கி, 3 கைப்பிடி. ஒரு தாங்கிக்கு 1 கைப்பிடி, 4 திருகு. ஒரு கைப்பிடிக்கு 6 திருகு. ஒரு பொருளுக்கு மொத்தம் எத்தனை திருகு?

அ²-இல் (பொருள், திருகு) உறுப்பு: 2×4 + 3×6 = 26. அ³-இல்: 2×1×6 = 12. அ⁴ முழுப் பூஜ்யம். மொத்தம் 38. ஒவ்வொரு பாதையிலும் உள்ள எண்களைப் பெருக்கி, எல்லாப் பாதைகளையும் கூட்டுவதுதான் இது. எல்லா எண்ணும் 1 ஆக இருந்தால் வெறும் பாதை எண்ணிக்கை.

அடுக்குகளைத் தனித்தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. சுற்றில்லாவிட்டால் ஐ + அ + அ² + அ³ + … என்பது (ஐ − அ)-வின் நேர்மாறு அணியே ('ஐ' அலகு அணி). அதிலும் நேர்மாறை நிஜமாகக் கண்டுபிடிக்கக் கூடாது. பாகங்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினால் (ஐ − அ) முக்கோண அணியாகிவிடும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிரதியிட்டுக்கொண்டே போகலாம். கைப்பிடி: 3 + 2×1 = 5. திருகு: 2×4 + 5×6 = 38. ஒரு பாகத்துக்கு ஒரே தடவை கணக்கு.

எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சத்தமில்லாமல் கெடும். யாரோ பட்டியலில் தவறுதலாக 'ஒரு கைப்பிடிக்கு 2 தாங்கி' என்று ஏற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். தாங்கிக்குள் கைப்பிடி, கைப்பிடிக்குள் தாங்கி: சுற்று. நேர்மாறு அணி அப்போதும் கிடைக்கும்! விடை: தாங்கி −8, கைப்பிடி −5. எதிர்ம எண் வந்தால் யாராவது கவனிப்பார்கள், பரவாயில்லை. அந்தத் தவறான எண் 2-க்குப் பதில் 0.5 ஆக இருந்தால்? தாங்கி 7, கைப்பிடி 10. பார்க்க நியாயமான எண்கள், இரண்டும் தப்பு, அந்த எண்களோடே கொள்முதல் ஆணை போய்விடும். சுற்றைச் சுற்றி வரும் பெருக்கல் தொகை 1-க்குக் கீழே இருந்தால் முடிவிலாத் தொடர் ஒடுங்கி, ஒழுங்கான விடைபோல உட்கார்ந்துகொள்ளும்; 1-க்கு மேலே போனால் எதிர்ம எண்; சரியாக 1 என்றால் நேர்மாறே இல்லை. ஆகவே விடையைப் பார்த்துச் சுற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். கணக்குக்கு முன்பே வரிசைப்படுத்திப் பாருங்கள். வரிசைப்படுத்த முடியவில்லை என்றால் அங்கே சுற்று இருக்கிறது.

மென்பொருள் சோதனையிலும் இதே கணக்குதான். நிரலின் கிளைகளைக் கிராஃபாக வரைந்தால், தொடக்கத்திலிருந்து முடிவுவரை உள்ள பாதைகள் எத்தனை என்பது முழுச் சோதனைக்கு எத்தனை ஓட்டம் வேண்டும் என்பதன் மேல் எல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் 10 'இஃப்' இருந்தால் 2¹⁰ = 1024 பாதைகள். தாமஸ் மெக்கேப் 1976-இல் தந்த சுழல்சிக்கல் அளவு அதே நிரலுக்கு 11 என்றுதான் காட்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சோதனைத் திட்டம் போடுவது சகஜமான குழப்பம். 11 என்பது சார்பற்ற பாதைகள். 1024 என்பது எல்லாப் பாதைகளும்.

---

ஓடுநீளம்:

என் கணிப்பில் இதன் மிக அழகான பயன் சேமிப்பு வட்டுகளில் இருக்கிறது. இங்கே கணுக்கள் என்பவை இடங்கள் அல்ல, நிலைகள்.

1982-இல் சந்தைக்கு வந்த சிடி வட்டில் ஒரு பைட், அதாவது 8 பிட், அப்படியே பதியப்படுவதில்லை. 14 பிட்டாக மாற்றப்படுகிறது. ஏன் 14? இரண்டு 1-களுக்கு நடுவே குறைந்தது இரண்டு 0 இருக்க வேண்டும், 10-க்கு மேல் 0 தொடர்ந்து வரக் கூடாது என்பது நிபந்தனை. 1-கள் நெருங்கினால் லேசர் பிரித்தறியாது. 0-கள் நீண்டால் கடிகாரத் துடிப்பு தவறிவிடும்.

முதல் நிபந்தனைக்கு 3 நிலைகள் போதும். நிலை 1: இப்போதுதான் 1 எழுதினோம். நிலை 2: அதன்பின் ஒரு 0. நிலை 3: இரண்டோ அதற்கு மேலோ 0. நிலை 1-லிருந்து 2-க்கு மட்டும், 2-லிருந்து 3-க்கு மட்டும், 3-லிருந்து 3-க்கும் (0 எழுதினால்) 1-க்கும் (1 எழுதினால்) போகலாம்:

0 1 0
0 0 1
1 0 1

ஒவ்வொரு நடையும் ஒரு பிட் வரிசை. நிலை 3-இல் தொடங்கி ந தாவல் போகும் நடைகளின் மொத்தம், அதாவது ந-ஆவது அடுக்கின் மூன்றாம் நிரையின் கூட்டுத்தொகை, ந நீளத்தில் அனுமதிக்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கை. 2, 3, 4, 6, 9, 13, 19, 28, 41, 60, 88, 129, 189, 277. பதின்மூன்றில் 189, பதினான்கில் 277. ஒரு பைட்டுக்கு 256 வரிசைகள் வேண்டும். 13 போதாது, 14 போதும். அந்த 277-இல் 0-கள் 10-க்கு மேல் தொடரும் 10 வரிசைகளைத் தள்ளினால் 267. அதிலிருந்து 256-ஐத் தேர்ந்தெடுத்து அட்டவணை போட்டார்கள்.

இங்கே தொடக்க நிலையில் கவனம் தேவை. நிலை 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு பிட்டும் கட்டாயம் 0 ஆகி, விடை 277-க்குப் பதில் 129 ஆகிவிடும். இது போன்ற கணக்குகளில் தப்பு நடப்பது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, 'எங்கே தொடங்குகிறோம், எங்கெல்லாம் முடியலாம்' என்பதில்தான்.

அந்த அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு (நீளம் ஒன்று கூடும்போது வரிசைகளின் எண்ணிக்கை பெருகும் விகிதம்) ஏறத்தாழ 1.4656. 2-ஐ அடிமானமாக வைத்தால் அதன் மடக்கை 0.5515. அதாவது நிபந்தனையோடு எழுதும் ஒரு பிட்டில் அதிகபட்சம் 0.5515 பிட் தகவலே அடங்கும். இந்த எல்லையைக் கிளாட் ஷானன் 1948-இலேயே காட்டிவிட்டார். 8-ஐ 0.5515-ஆல் வகுத்தால் 14.5 வருகிறதே, 14-இல் எப்படி அடைத்தார்கள் என்று கேட்கலாம். அடைக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் 14 போதும், ஆனால் இரண்டு வரிசைகளை ஒட்டும் இடத்தில் 1-கள் நெருங்கிவிடலாம். அதற்காக நடுவில் 3 இணைப்பு பிட்டுகள் வைக்கிறார்கள். உண்மையில் ஒரு பைட்டுக்கு 17.

கடவுச்சொல் விதிகள் ('ஒரே எழுத்து மூன்றுமுறை தொடரக் கூடாது' போன்றவை) எத்தனை சேர்க்கைகளை விட்டுவைக்கின்றன என்று எண்ணுவதும் இதே உத்திதான். விதியை நிலைகளாக மாற்றுங்கள், அணியை அடுக்குங்கள்.

---

மூன்றாமடுக்கு:

மிக்க நன்றி. நடை-பாதை வித்தியாசம் இப்போது தெளிவு. ஒரு தொடர் கேள்வி: கணினி வலையமைப்பில் இரண்டு கருவிகளுக்கு இடையே எத்தனை வழிகள் என்று இதை வைத்து எண்ணி, அந்த எண் பெரிதாக இருந்தால் வலை உறுதியானது என்று சொல்லலாமா? என் சின்ன கிராஃபில் 1-லிருந்து 5-க்குக் கணு திரும்ப வராத பாதைகள் மொத்தம் 4 (3 தாவலில் 2, 4 தாவலில் 2).

---

வெட்டுமுனை:

சொல்லவே கூடாது. உங்கள் உதாரணமே அதற்குச் சாட்சி. 4 பாதைகள், நான்கும் 4-5 இணைப்பின் வழியாகத்தான் போகின்றன. அந்த ஒரு கம்பி அறுந்தால் நான்கும் போச்சு. எண்ணிக்கை ஆயிரமாக இருந்தாலும் நிலைமை இதேதான்.

உறுதிக்கு எண்ண வேண்டியது ஒன்றோடொன்று இணைப்பைப் பகிராத பாதைகளை. கார்ல் மெங்கர் 1927-இல் நிரூபித்த தேற்றத்தின் இணைப்பு வடிவம்: அப்படிப் பகிராத பாதைகள் அதிகபட்சம் எத்தனையோ, இரண்டு கணுக்களையும் பிரிக்க வெட்ட வேண்டிய இணைப்புகள் குறைந்தபட்சம் அத்தனை. ஒவ்வோர் இணைப்புக்கும் கொள்ளளவு 1 என்று வைத்துப் பெரும ஓட்டம் (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) கண்டால் அந்த எண் வந்துவிடும். உங்கள் 1-5-க்கு விடை 1. 1-4-க்கு 2. கருவியே பழுதாவது கவலை என்றால், ஒவ்வொரு கணுவையும் 'உள்ளே', 'வெளியே' என்று இரண்டாகப் பிளந்து, நடுவில் கொள்ளளவு 1 கொண்ட இணைப்பு போட்டு அதே கணக்கைச் செய்யுங்கள்.

வலையமைப்பில் பாதை எண்ணிக்கை உதவும் இடம் வேறு: சம செலவுள்ள குறுகிய வழிகள் எத்தனை என்பது. சுமை எத்தனை வழியில் பிரியக்கூடும் என்று அது காட்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ரவுட்டர் வழக்கமாகச் சுமையைப் பிரிப்பது முழுப் பாதைகளுக்கு இடையே அல்ல, அடுத்த தாவல்களுக்கு இடையே. ஒரு பக்கம் போனால் பிறகு 1 வழி, மறுபக்கம் போனால் 3 வழி என்று இருந்தால், மொத்தம் 4 பாதை என்பதால் ஒவ்வொன்றுக்கும் கால்பங்கு என்று நினைக்கத் தோன்றும். நடப்பது பாதிக்குப் பாதி: தனி வழியில் 50 சதவீதம், மற்ற 50 சதவீதம் அந்த மூன்றுக்குள். அப்போது அணியில் 1-களை எழுதாமல், ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 1 ஆகும்படி பங்குகளை எழுதிப் பெருக்குங்கள். எந்தக் கம்பியில் எவ்வளவு விழும் என்று நேரடியாக வரும்.

---

மடக்கை:

10,000 கணுக்கள் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை போலிருக்கிறது.

முழு அணியாக, ஓர் உறுப்புக்கு 8 பைட் என்று வைத்தால் 80 கோடி பைட், ஏறத்தாழ 800 எம்பி. வைக்கலாம். ஆனால் சாதாரண முறையில் ஒரு பெருக்கலுக்கு 10¹² செயல்கள். அதைச் செய்வதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு எல்லா இணைகளுக்கும் விடை வேண்டுமா, ஒரு கணுவிலிருந்து மட்டும் போதுமா? ஒரு கணு போதுமென்றால் அணியை அணியால் பெருக்கவே வேண்டாம். தொடக்கக் கணுவில் 1, மற்றதெல்லாம் 0 என்று ஒரு வரிசையை எடுத்து, அதை அ-வால் திரும்பத் திரும்பப் பெருக்குங்கள். 50,000 இணைப்புகள் என்றால் திசையில்லாத கிராஃபில் ஒரு தாவலுக்கு 1 லட்சம் கூட்டல். 20 தாவலுக்கு 20 லட்சம். இது ஒன்றுமே இல்லை. இணைப்புப் பட்டியல் இருந்தால் அணியைக் கட்டக்கூடத் தேவையில்லை.

பூஜ்யங்களைச் சேமிக்காத ஸ்பார்ஸ் வடிவத்தில் வைத்துக்கொண்டு அணியையே அடுக்கினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அ ஸ்பார்ஸ்தான், சமூக வலை போன்றவற்றில் அ³, அ⁴ ஆகும்போதே பெரும்பாலான உறுப்புகள் நிரம்பிவிடும். நினைவகம் அங்கேதான் வெடிக்கும்.

கணுக்கள் குறைவு, தாவல்கள் மிக அதிகம் என்றால் மட்டும் இருமடித்தல். 1000-ஆவது அடுக்குக்கு 999 பெருக்கல் வேண்டாம்: 1000 = 512 + 256 + 128 + 64 + 32 + 8. வர்க்கப்படுத்துவது 9 தடவை, சேர்ப்பது 5 தடவை, மொத்தம் 14.

இனி எண்கள் கெடும் விதங்கள். பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் அணியின்மேல் இரட்டை நட்சத்திரம் போட்டு 3 என்று எழுதினால், அது உறுப்பு உறுப்பாக மும்மடி காணும். 0-ம் 1-ம் மட்டுமே உள்ள அணியில் விடையாக அதே அணி அப்படியே திரும்ப வரும். 'எத்தனை அடுக்கினாலும் மாறவே இல்லை' என்பது இந்தத் தவறின் அடையாளம். அணிப் பெருக்கலுக்கு @ குறி. அடுத்தது, இடம் மிச்சம் பிடிக்க 8-பிட் முழு எண்ணாகச் சேமித்திருந்தால் 127-க்கு மேல் எண் சுற்றிக்கொண்டு எதிர்மமாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. தசம வகையில் (64-பிட் ஃப்ளோட்) வைத்தால் 2⁵³-க்கு மேல் (சுமார் 9 × 10¹⁵) கடைசி இலக்கங்கள் நம்பத்தக்கவை அல்ல.

64-பிட்டும் காப்பாற்றாது. மேலே பட்டியல்காரர் சொன்ன 'இஃப்' உதாரணத்தை 64 'இஃப்' ஆக்குங்கள். பாதைகள் 2⁶⁴. 64-பிட் எண்ணில் அது சுற்றி வந்து மிகச் சரியாக 0 ஆகிவிடும். நிரல் 'தொடக்கத்திலிருந்து முடிவுக்கு வழியே இல்லை' என்று அறிவிக்கும். வழி இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி என்றால் எண்ணவே எண்ணாதீர்கள்: ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் 1-க்கு மேற்பட்டதையெல்லாம் 1 ஆக்குங்கள். துல்லியமான எண்ணிக்கையே வேண்டும் என்றால் பைத்தானின் வரம்பில்லாத முழு எண்களைப் பயன்படுத்துங்கள். மெதுவானது, ஆனால் பொய் சொல்லாது. பகா எண்ணால் வகுத்த மீதியை வைத்துக் கணக்கிடுவோர், மீதி 0 என்பதை 'வழி இல்லை' என்று படித்துவிடக் கூடாது.

---

மூன்றாமடுக்கு:

'அதிகபட்சம் 4 தாவலுக்குள் எத்தனை வழி' என்று கேட்க, எல்லாக் கணுவுக்கும் தன்னையே சுட்டும் இணைப்பு போட்டு (ஐ + அ)⁴ கண்டேன். 1-லிருந்து 5-க்கு 4 வரும் என்று எதிர்பார்த்தால் 10 வருகிறது. எங்கே தப்பு?

---

மடக்கை:

தன்னிணைப்பு என்பது 'இந்த முறை நகராமல் நிற்கிறேன்' என்று பொருள். 3 தாவலில் போகும் ஒரு வழியை 4 தடவைக்குள் முடிக்கும்போது, எப்போது நின்றீர்கள் என்பதற்கு 4 வாய்ப்புகள். 2×4 + 2×1 = 10. ஒரே வழி நான்காக எண்ணப்படுகிறது.

சேருமிடத்தில் மட்டும் நிற்க விடுங்கள். 5-ஆம் நிரையை அழித்து 0 0 0 0 1 என்று எழுதி நான்காம் அடுக்கைப் பாருங்கள்: (1,5) உறுப்பு 4. வெளியே போகும் இணைப்பையும் நீக்கிவிட்டதால், 5-க்கு வந்து 4-க்குப் போய் மறுபடி வரும் நடைகளும் ஒழிந்தன. எல்லா இணைகளுக்கும் சேர்த்து வேண்டுமானால் அணியை இரட்டிப்பாக்குங்கள்: மேல் இடம் அ, மேல் வலம் ஐ, கீழ் இடம் பூஜ்யம், கீழ் வலம் ஐ. 4 தாவல் வரைக்கும் என்றால் இதன் ஐந்தாம் அடுக்கை எடுங்கள், நான்காவதை அல்ல. மேல் வலத்தில் ஐ + அ + அ² + அ³ + அ⁴ இருக்கும். ஆனால் இந்த முறையில் சேருமிடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும் நடைகள் கணக்கில் வரும்.

நீங்கள் கண்ட 10-ம் பயனற்ற எண் அல்ல. ஒவ்வொரு நிமிடமும் ரோபோ நகரலாம் அல்லது நிற்கலாம், 4-ஆம் நிமிடத்தில் 5-இல் இருக்க வேண்டும், எத்தனை கால அட்டவணைகள் என்று கேட்டால் விடை 10-தான். ஏதாவது இணைப்பைக் கடக்க 3 நிமிடம் ஆகுமென்றால் நடுவில் 2 போலிக் கணுக்களைச் செருகுங்கள். அவற்றுக்குத் தன்னிணைப்பு போட்டுவிடாதீர்கள், நடுவழியில் நிற்க அனுமதித்ததாகிவிடும்.